எண்பது மேசைக் கூடத்தில் நூறு மேசை

"ஹலோ… ஆமா… ஆமா, நஃபீஸத்துதான் பேசுதேன். யாரு?… ஹலோ… கொஞ்சம் சத்தமாப் பேசுங்க, பின்னாடி ஏதோ மெசின் ஓடுது… யாரு?… கோமதிசங்கர் ஸாரா?"

இரண்டு வருசமாக இந்தக் குரல் அவள் காதில் விழவில்லை. ஆறு வருசம் இந்த மனுசனின் இன்ஜினியர் ஆபீஸில் கம்ப்யூட்டரில் கட்டடப் படம் வரைந்தவள் அவள். இப்போது தச்சநல்லூரில், ஆதாருக்கு முகவரி மாற்றிக் கொடுக்கிற, பென்சனுக்கு விண்ணப்பம் அடித்துக் கொடுக்கிற ஒரு குச்சுக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். அந்தக் கதிக்கு அவளைக் கொண்டுவந்து விட்ட மகராசன்தான் இப்போது போனில் குழைகிறார்.

"ம்… நல்லாத்தான் இருக்கேன்… ம்… வாப்பாவும் சுகந்தான்… சரி, விசயத்தைச் சொல்லுங்க ஸார், இங்கன ஆள் காத்துக்கிட்டு நிக்காவ."

எதிரே பென்சன் விண்ணப்பத்தோடு நின்ற தங்கத்தாய், தன்னைத்தான் சொல்கிறாள் என்று தெரிந்து, இன்னும் ஒரு எட்டு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஆமா… ஆமா, முக்கூடல் ரோட்டுக் கல்யாண மண்டபம். சிவசைலம் அண்ணாச்சி கட்டுனது. சாப்பாட்டுக் கூடத்துக்கு முதல் படம் நான்தான் வரைஞ்சேன்… ம்… மேசை வந்து இறங்கிட்டா? சரி… எத்தனை மேசை?… நூறா?… ம்… எண்பதுதான் உள்ள கொண்டுச்சா? மிச்சம் இருவது வெளிய வெயில்ல கிடக்கா?"

எண்பதை நூறால் வகுக்க அவளுக்குக் கால்குலேட்டர் வேண்டியதில்லை. புள்ளி எட்டு. அந்த எண்ணை மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அட பாவி மனுசா, நீ செய்தேவிட்டாயா என்று வாய் வரைக்கும் வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

"சரி ஸார், அதுக்கு என்னைய எதுக்குக் கூப்பிடுதீய?… என்ன?… என்ன சொன்னீய? திருப்பிச் சொல்லுங்க… நான் இஞ்சுல வரைய வேண்டியதை மில்லிமீட்டர்ல வரைஞ்சிட்டேனா? யூனிட்டை மாத்தி வச்சிட்டேனா? அதனாலதான் மேசை கொள்ளலையா?"

கேட்டீர்களா சங்கதியை! அதே பழி. இரண்டு வருசத்துக்கு முன்னால் சுமத்தின அதே பழியைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

அன்றைக்கு நடந்தது இதுதான். மேசை ஒன்று ஆறு அடி. ஒரு மேசைக்கு மூன்று பேர், ஆளுக்கு இரண்டடி, இலை போட அவ்வளவு வேண்டும். கூடத்தை அளந்து வரைந்தால் வரிசைக்கு எட்டு மேசை, பத்து வரிசை, எண்பது மேசை. ஒரு பந்திக்கு இருநூற்று நாற்பது பேர். சிவசைலம் அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். பந்திக்கு முந்நூறு இல்லாவிட்டால் எவன் மண்டபம் பேசுவான் என்றார். அவர் போனதும் கோமதிசங்கர் அவளிடம் வந்து, மேசை ப்ளாக்கைக் கொஞ்சம் சுருக்கி நூறு ஆக்கிவிடு என்றார். ப்ளாக் என்றால் ஒரு தடவை வரைந்து வைத்துக்கொண்டு, அச்சுக் குத்துவதுபோல வேண்டிய இடத்திலெல்லாம் வைக்கிற படம். அதை எப்படி வேண்டுமானாலும் நீட்டலாம், சுருக்கலாம், கம்ப்யூட்டர் வாயைத் திறக்காது. அவள் திறந்தாள். படத்தில் சுருக்கினால் மரத்தில் சுருங்காது ஸார், நான் செய்ய மாட்டேன் என்றாள்.

மறுநாள் காலையில் அவளுக்கு வேலை இல்லை. அதோடு விட்டாரா? இன்ஜினியர் சங்கத்து வாட்ஸப் குரூப்பில் வாய்ஸ் போட்டார். இஞ்சுக்கும் மில்லிமீட்டருக்கும் வித்தியாசம் தெரியாத பிள்ளை, யாரும் வேலைக்கு வைத்து மாட்டிக்கொள்ளாதீர்கள் என்று, பேரோடு, ஊரோடு. அதற்குப் பிறகு அவள் ஏறி இறங்கின ஆபீஸ் ஒன்றா இரண்டா? எல்லா இடத்திலும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பி வைத்தார்கள்.

"ஸார்… ஸார், ஒரு நிமிசம். உங்க குரல் என்ன குடத்துக்குள்ள இருந்து வார மாதிரி வருது? ஸ்பீக்கர்ல போட்டிருக்கீயளா?… இல்லையா?… பக்கத்துல யாரும் இல்லையா? சரி… சிவசைலம் அண்ணாச்சி! வணக்கம் அண்ணாச்சி, நல்லா இருக்கீயளா?… ஆங்! நான் நல்லா இருக்கேன் அண்ணாச்சி."

நஃபீஸத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளை அண்ணாச்சி முன்னால் பேச வைத்து, அவள் வாயாலேயே ஆமாம் ஸார் தப்புதான் ஸார் என்று சொல்ல வைக்கத்தான் இந்த மனுசன் ஸ்பீக்கரைப் போட்டிருக்கிறார். நல்லது. போட்டது போட்டபடியே இருக்கட்டும்.

"சத்தம் போடாதீங்க அண்ணாச்சி. நான் எங்கயும் ஓடிப் போவல. தச்சநல்லூர்லதான் இருக்கேன்… ஆமா… ஆமா, உங்க வயித்தெரிச்சல் எனக்குப் புரியுது… அண்ணாச்சி, அது என்ன சத்தம்? ரம்பமா?… யாரு அறுக்கப் போறா?… ஐயோ, நிப்பாட்டச் சொல்லுங்க! முதல்ல நிப்பாட்டச் சொல்லுங்க! ஹலோ! மேசையில கை வைக்கக் கூடாது!… அண்ணாச்சி, நூறையும் அறுத்துச் சுருக்குனா, மூணு பேரு அஞ்சடி கூட இல்லாத இடத்துல உக்காரணும். பக்கத்தாள் முழங்கை நம்ம இலைச் சோத்துல கிடக்கும். ஒருத்தன் சாப்பிட மாட்டான்… ம்… நிப்பாட்டியாச்சா?… யாரு, மேசை செஞ்ச சுடலைராஜா? சுடலைராஜ் அண்ணே, கேக்குதா? நீங்க எந்த அளவுக்குச் செஞ்சீய?… படத்துல ஆறடின்னு எழுதியிருந்துச்சு, ஆறடிக்குச் செஞ்சீய. பெறகு என்ன? உங்க மேல ஒரு தப்பும் கிடையாது. ரம்பத்தைக் கீழ வையுங்க… ஏசுனாவளா? ஏசட்டும், இன்னும் அஞ்சு நிமிசத்துல ஏச்சு யாருக்குன்னு தெரிஞ்சிரும்."

தங்கத்தாய் விண்ணப்பத்தைப் பைய மேசையில் வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பென்சன் எங்கேயும் போய்விடாது. இது போய்விடும்.

"கோமதிசங்கர் ஸார், லேப்டாப் கொண்டு வந்திருக்கீயளா?… ஃபைல் தொறந்துதான் இருக்கா? ரொம்ப நல்லதாப் போச்சு… இல்ல இல்ல, நீங்க பேசாதீங்க, நான் சொல்லுததைச் செய்யுங்க. அண்ணாச்சி, நீங்க ஸ்க்ரீனைப் பாத்துக்கிட்டே இருங்க. உங்களுக்கு இங்கிலீஷு எண்ணு படிக்கத் தெரியும்லா?… ஆங். ஸார், சாப்பாட்டுக் கூடத்துல ஏதாவது ஒரு மேசையைத் தொடுங்க. எதை வேணும்னாலும்… தொட்டாச்சா? நீலமா மின்னுதா? கன்ட்ரோலை அமுக்கிக்கிட்டு ஒண்ணைத் தட்டுங்க. ஓரத்துல ஒரு பட்டி வரும்… வரலையா? வரும் ஸார். ஆறு வருசம் எனக்கு வந்துச்சு, உங்களுக்கு மட்டும் வராமப் போவுமா?… வந்துட்டா? அடியில போங்க. இன்னும் அடியில. யூனிட் ஃபேக்டர்னு இருக்கா? அதுக்கு நேரா என்ன இருக்கு?… சத்தமா ஸார், மெசினை நிப்பாட்டிட்டாங்களே, சத்தமாச் சொல்லலாம்… ஒண்ணு. ஒண்ணுதானே?"

அவள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு வருசமாக ராத்திரி பகலாக மனசுக்குள் அரைத்த அரைப்பு, இப்போது வழித்து எடுக்கிற பதத்துக்கு வந்திருந்தது.

"அண்ணாச்சி, அந்த ஒண்ணுக்கு என்ன அர்த்தம்னா, யூனிட்டுல ஒரு தப்பும் நடக்கலன்னு அர்த்தம். மேசையும் இஞ்சு, மண்டபமும் இஞ்சு. நான் மில்லிமீட்டர்ல வச்சிருந்தேன்னா என்ன ஆயிருக்கும் தெரியுமா? ஒரு இஞ்சுக்கு இருவத்தஞ்சு புள்ளி நாலு மில்லிமீட்டர். மேசை இருவத்தஞ்சு மடங்கு பெருசாயிருக்கும். உங்க கூடத்தைத் தாண்டி, காம்பவுண்டைத் தாண்டி, முக்கூடல் ரோட்டுக்கே போயிருக்கும். இல்லன்னா தீப்பெட்டி சைசுல கிடந்திருக்கும். நூத்துக்கு இருவது மட்டும் குறையுத மாதிரி எந்த யூனிட்டும் தப்பாவாது அண்ணாச்சி. அது ஒரு ஆளு கையால குறைச்சாத்தான் குறையும்… ம்… ம்… ஸார், குறுக்க பேசாதீங்க. இன்னும் ஒரு எண்ணு பாக்கி இருக்கு. கொஞ்சம் மேல வாங்க. ஸ்கேல் எக்ஸ். அதுக்கு நேரா என்ன?… ஹலோ?… ஹலோ, லைன் இருக்கா?… இருக்குலா. பெறகு ஏன் பேச மாட்டக்கீய? படிங்க ஸார்."

நஃபீஸத் தங்கத்தாயின் விண்ணப்பத்தை இழுத்து, விட்டுப்போன இடத்தில் ஊர்ப் பேரை நிரப்பினாள். அவளுக்கு ஒரு அவசரமும் இல்லை.

"சரி, ஸாருக்குக் கண்ணாடி இல்ல போலிருக்கு. அண்ணாச்சி, நீங்களே படிங்க… ஆமா, அதுதான், எக்ஸ்… புள்ளி எட்டு. கீழ ஒய்யிக்கு?… ஒண்ணு. பாத்தீயளா? அகலத்தைத் தொடல. நீளத்தை மட்டும் நூத்துக்கு எண்பதாச் சுருக்கியிருக்கு. ஆறடி மேசை அஞ்சடிக்குள்ள போயிட்டு. ஆனா மேசைக்குள்ள ஆறடின்னு நான் எழுதுன எழுத்து அப்படியே இருக்கும். சுருங்கி, நசுங்கி, ஆறடின்னே நிக்கும். பாத்துக்கிடுங்க, எழுத்து ஒல்லியா இருக்கா?… பாவம் சுடலைராஜ் அண்ணே அந்த எழுத்தை நம்பி மரத்தை அறுத்துட்டாரு."

அங்கே ஒரே களேபரம். யார் யாரோ பேசினார்கள். போன் கை மாறுகிற சத்தம் கேட்டது. இப்போது போனைக் கையில் வைத்திருப்பது அண்ணாச்சி.

"இல்ல அண்ணாச்சி, நான் செய்யல. சத்தியமாச் செய்யல. உங்களுக்கே நிரூபணம் வேணும்னா, நான் என் கையால உங்ககிட்ட ஒரு பேப்பர் தந்தேன்லா, முதல் படம்? நீங்க ஒரு துண்டுச் சீட்டைக் கூடத் தூரப் போட மாட்டீயளே… ஆங், அந்தப் பச்சை ஃபைல்தான். அதுல மேசையை எண்ணுங்க… எண்பதா?… இருநூத்தி நாப்பது பேருன்னு போட்டிருக்கா? நீங்க முந்நூறு வேணும்னீயளா இல்லையா?… கேட்டது தப்பில்ல அண்ணாச்சி, ஆசைப்படுதது தப்பில்ல. ஆனா பெறகு நீங்க வந்தப்போ நூறு மேசைப் படம் உங்க கைக்கு வந்திருக்கும்லா. என் சேர்ல நான் இல்ல. எங்க அந்தப் பிள்ளைன்னு நீங்க கேட்டீயளா?… கேக்கலைல்லா. முந்நூறு கிடைச்சிட்டு, பிள்ளை எக்கேடு கெட்டா என்ன."

சொல்லிவிட்டாள். பெரிய மனுசனிடம் இப்படிப் பேசி அவளுக்குப் பழக்கம் இல்லை. ஆனால் சொன்னதைத் திருப்பி எடுத்துக்கொள்கிற எண்ணமும் இல்லை.

"ம்… ம்… சரி… என்ன அண்ணாச்சி?… விட்டுறவா? எதுக்கு விடணும்?… யாருக்குக் கல்யாணம்?… வெள்ளிக்கிழமையா? அந்த மண்டபத்துலயா?… கோமதிசங்கர் ஸார் பொண்ணுக்கா?"

மண்டபத்தில் முதல் கல்யாணமே அவர் வீட்டுக் கல்யாணம். கட்டிக்கொடுத்த இன்ஜினியர் என்று அண்ணாச்சி ஆசையாகக் கொடுத்திருக்கிறார். மாப்பிள்ளை வீடு திசையன்விளை. பந்திக்கு முந்நூறு பேர், ஒருத்தரும் காத்திருக்க வேண்டாம் என்று இவர் சம்பந்தியிடம் மார்தட்டியிருக்கிறார். அதை நம்பி அவர்கள் அஞ்சு பஸ் பேசியிருக்கிறார்கள். அண்ணாச்சி சொல்லச் சொல்ல நஃபீஸத் கேட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கல்யாணப் பிள்ளை முன்பெல்லாம் ஆபீஸுக்கு வந்தால் அக்கா அக்கா என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்து மவுஸைப் பிடுங்கி விளையாடும். ஒரு நிமிசம் நெஞ்சு இளகியது, பொய் சொல்லக்கூடாது. அடுத்த நிமிசம் அந்த வாய்ஸ் ஞாபகம் வந்தது. அவள் வாப்பா அதைப் பள்ளிவாசல் வாசலில் வைத்து யாரோ போட்டுக் காட்டக் கேட்டுவிட்டு, அன்றைக்கு முழுக்க யாரோடும் பேசாமல் படுத்துக் கிடந்தார். இளகின நெஞ்சு இறுகிவிட்டது.

"பிள்ளை மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல அண்ணாச்சி. நல்லா இருக்கட்டும், அல்லாஹ் நல்லா வைப்பான். ஆனா நான் விட மாட்டேன். நீங்க யாரு சொன்னாலும் விட மாட்டேன். ரெண்டு வருசம் அண்ணாச்சி. வரையத் தெரியாதவன்னு எல்லாரும் ஒதுக்கி, நான் இங்கன ஆதார் கார்டுல போட்டோ மாத்திக்கிட்டு உக்காந்திருக்கேன்… ஸார்கிட்ட போனைக் குடுங்க… ஸார், சங்கத்துக் குரூப்பு இன்னும் இருக்குல்லா? அன்னைக்கு அதுல வாய்ஸ் போட்டீயளே. இப்போ அதே குரூப்புல, அதே மாதிரி வாய்ஸ் போடுங்க. என்ன, லைன்ல இருக்கும்போது வாய்ஸ் போட முடியாதா? கட் பண்ணிட்டுப் போடுதீயளா?… வேண்டாம், லைனைக் கட் பண்ணாதீங்க, கட் பண்ணுனா பெறகு நீங்க எடுக்க மாட்டீய. லைன்ல இருந்துக்கிட்டே டைப் பண்ணுங்க. வாய்ஸ் வேண்டாம், எழுத்தே போதும். எழுத்துதான் நல்லது, அழியாது… நான் சொல்லச் சொல்ல அடிங்க."

தங்கத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளுக்குப் பாதிதான் புரிந்தது, ஆனாலும் அந்தப் பாதியே போதுமாக இருந்தது.

"போட மாட்டீயளா? சரி, நான் போடுதேன். வேலையை விட்டு அனுப்புன அன்னைக்கு முந்தின நாளு, எண்பது மேசைப் படத்தை உங்க மெயிலுக்கு அனுப்புனேன். தேதியோட என்கிட்ட இருக்கு. உங்க புள்ளி எட்டையும் அண்ணாச்சி இப்போ போட்டோ எடுத்துட்டாரு… எடுத்துட்டீயளா அண்ணாச்சி?… ஆங். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஊர்ல உள்ள அத்தனை குரூப்புலயும் போடுவேன். உங்க சம்பந்தி வீட்டு ஆளு அதுல எத்தனை பேரு இருக்காவளோ, எனக்குத் தெரியாது… ஆங், இப்போ அடிக்கீயளா? சந்தோசம். எழுதுங்க. முக்கூடல் ரோட்டு மண்டபத்துப் படத்துல மேசையைச் சுருக்குனது நான்தான்… நான்தான்னு போடுங்க, எங்க ஆபீஸ்னு போடாதீங்க. அதைச் செய்ய மாட்டேன்னு சொன்னதுக்காகத்தான் நஃபீஸத்தை வேலையை விட்டு அனுப்புனேன். அவ வேலையில ஒரு தப்பும் கிடையாது. அவளைப் பத்தி நான் சொன்னது பொய்… பொய்தான். தவறான தகவல்னு எல்லாம் சோடிக்கக் கூடாது. பொய், ரெண்டே எழுத்து… போட்டாச்சா? அண்ணாச்சி, போயிட்டான்னு பாத்துச் சொல்லுங்க… போயிட்டா? எத்தனை பேரு பாத்திருக்காவ?… பதினேழா, அதுக்குள்ளயா?"

அவள் போனை மேசையில் வைத்துவிட்டு இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்தாள். அழுகையா வியர்வையா என்று அவளுக்கே தெரியவில்லை. மறுபடி எடுத்துக் காதில் வைத்தபோது அந்தப் பக்கம் குரல் மாறியிருந்தது, குடச் சத்தம் இல்லை. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, தனியாக ஒதுங்கி வந்து, காதோடு காதாகப் பேசுகிறார் கோமதிசங்கர்.

"கேக்குது ஸார், சொல்லுங்க… ம்… ஆமா, வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு… ம்… சம்பந்தி மூஞ்சியில எப்படி முழிக்கன்னு என்கிட்டக் கேட்டா?… அறுவது பேரு இலை இல்லாம, சாப்பிடுதவன் முதுகுக்குப் பின்னால நிப்பான், ஆமா. நிக்கத்தான் செய்வான்… எனக்கு ஒரு வழி தோணுமா? கெட்டிக்காரப் பிள்ளையா நான்? இப்பம்தான் தெரிஞ்சுதா?… அழாதீங்க ஸார், பக்கத்துல ஆளு இருக்கும்… இருக்கு ஸார், ஒரு வழி இருக்கு. ரொம்ப லேசு. நல்லாக் கேட்டுக்கிடுங்க. கூடம் நீளாது, மேசை சுருங்காது. அதனால வாரவங்களைச் சுருக்கிருங்க. பஸ்ஸு வந்து நின்னதும், சம்பந்தி வீட்டாரை ஒருத்தர் விடாம செலக்ட் பண்ணுங்க. எக்ஸ் ஸ்கேல் புள்ளி எட்டுன்னு அடிங்க. என்டர் தட்டுங்க. உங்களுக்குத்தான் செஞ்சு பழக்கம் இருக்குல்லா, ஸார்."

அவள் லைனைத் துண்டித்தாள்.